சமர்கண்டில் சாப்பிடப் போகிறீர்களா? காலை நோன் முதல் இரவு ஷஷ்லிக் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

உஸ்பெகிஸ்தானின் சமர்கண்டில் இறங்கிய முதல் நாள், ரெஜிஸ்தான் சதுக்கத்தின் மூன்று மதரஸாக்களையும் நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு, நல்ல பசியோடு ஓர் ஓஷ் கடைக்குப் போனேன். ஓஷ் என்றால் இறைச்சியும் கேரட்டும் சேர்த்துச் சமைக்கும் சோறு. மணி மூன்று ஆகியிருந்தது. வாசலில் ஓர் ஆளே உள்ளே உட்காரக்கூடிய அளவுக்கு இரும்புக் கொப்பரை. அதைச் சாய்த்துப் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் நெஞ்சில் கை வைத்து, "தமோம்" என்றார். முடிந்துவிட்டது. உலகம் முழுக்கப் பேர் வாங்கிய சமர்கண்ட் ஓஷ் எனக்கு அன்று கிடைக்கவில்லை.

அதன்பிறகுதான் புரிந்தது, இந்த ஊரில் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஒரு நேரம் உண்டு. எந்தக் கடை நல்ல கடை என்று தேடுவதைவிட எந்த நேரத்தில் எதைச் சாப்பிட வேண்டும் என்று தெரிந்துகொள்வது முக்கியம். காலையில் ரொட்டி, நண்பகலில் ஓஷ், பிற்பகலில் தேநீர், இருட்டிய பிறகு கரி அடுப்பு. அதனால் இந்த வழிகாட்டியையும் கடிகாரத்தின் வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் செய்ய வேண்டியவை

உஸ்பெகிஸ்தானின் பணம் சோம். ஒரு டாலருக்குப் பன்னிரண்டாயிரம் சோம் என்ற கணக்கில் மனதில் வைத்துக்கொண்டால் விலை பார்த்து மிரள மாட்டீர்கள். பெரிய உணவகங்களில் அட்டை செல்லும். பஜாரிலும் ஓஷ் கடையிலும் தேநீர்க் கடையிலும் கையில் ரொக்கம் இருப்பது நல்லது. சில்லறை நோட்டுகளாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

மொழி விஷயத்தில் ஒரு தகவல். இது உஸ்பெக் நாடுதான் என்றாலும் சமர்கண்ட் நகரத்தில் வீட்டிலும் கடைத்தெருவிலும் தாஜிக் மொழி தாராளமாகப் புழங்குகிறது. அது பாரசீகத்தின் உடன்பிறப்பு. உருது, இந்தி கொஞ்சம் காதில் விழுந்தவர்களுக்கு உணவுப் பெயர்கள் பாதி தெரிந்தவையாகவே இருக்கும். நோன் என்றால் நான் ரொட்டி. சோம்சா நம் சமோசாவின் உறவு. பியோஸ் வெங்காயம், கோஷ்த் இறைச்சி, தர்வுஸ் தர்பூசணி, மோஷ் பாசிப்பயறு. ஆனால் ஒரு சொல்லில் மட்டும் கவனம் தேவை: "ஸப்ஸி" என்றால் இங்கே கேரட். காய்கறி என்ற பொருளில் அந்தச் சொல்லைச் சொன்னால் மஞ்சள் கேரட்டைத்தான் காட்டுவார்கள். காய்கறிக்கு "ஸப்ஸவோத்" என்று சொல்ல வேண்டும்.

குழாய்த் தண்ணீர் குடிக்க வேண்டாம். கடையில் தண்ணீர் கேட்கும்போது "காஸ்ஸிஸ்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சோடா போலப் பொங்கும் தண்ணீர் வந்து சேரக்கூடும்.

இறைச்சியில் எது சாப்பிடுவீர்கள், எது மாட்டீர்கள் என்பதையும் கிளம்புமுன்னே முடிவு செய்துகொள்ளுங்கள். மோல் கோஷ்தி என்றால் மாட்டிறைச்சி, கூய் கோஷ்தி என்றால் செம்மறி ஆட்டிறைச்சி, தோவுக் என்றால் கோழி, ஓத் கோஷ்தி என்றால் குதிரை இறைச்சி. ஓஷிலும் சோம்சாவிலும் மாடும் வரும், ஆடும் வரும். ஒரே கடையில் இன்று ஆடு, நாளை மாடு என்றும் இருக்கும். மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் தட்டு வருவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

காலை: பஜாரும் ரொட்டியும்

தங்கும் விடுதியில் காலை உணவு பெரும்பாலும் வாடகையிலேயே அடங்கும்; முட்டை, பாலாடைக்கட்டி, பழம், ஜாம் என்று மேசை நிறைய வைப்பார்கள். அதில் பாதி வயிறு மட்டும் நிரப்பிக்கொண்டு சியோப் பஜாருக்கு நடந்துவிடுங்கள். பீபி கானிம் மசூதிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1399 முதல் 1404 வரை தைமூர் கட்டிய அந்தப் பிரம்மாண்ட வாசலின் நிழல் விழும் தூரத்தில் ரொட்டி விற்பவர்கள் வரிசையாக நிற்பார்கள்.

சமர்கண்ட் நோனைக் கையில் வாங்கிய உடனே வித்தியாசம் தெரியும். கனம். தாஷ்கெண்டில் கிடைக்கும் ரொட்டி பஞ்சு போல இருக்கும். இது இறுகி, விளிம்பு தடித்து, மேலே பூசிய பளபளப்போடு, சின்ன மரப்பலகையைத் தூக்குவது போல இருக்கிறது. நடுவில் பூ வடிவத்தில் புள்ளிகள் குத்தியிருக்கும். "செக்கிச்" என்ற முள்முத்திரையால் மாவில் குத்துவார்கள். நடுப்பகுதி உப்பாமல் தட்டையாக வேகவும், அழகுக்காகவும் அந்த முத்திரை. களிமண் தந்தூர் அடுப்பின் உட்சுவரில் ஒட்டிச் சுட்டு எடுப்பார்கள். இந்த ரொட்டிக்கு ஒரு கதை சொல்கிறார்கள். ஒரு ஆட்சியாளர் சமர்கண்ட் ரொட்டியின் ருசிக்கு ஆசைப்பட்டு, சமர்கண்டின் ரொட்டிக்காரரையே அழைத்து, அவர் ஊர் மாவும் தண்ணீரும் கொண்டுவரச் செய்து சுடச் சொன்னாராம். அதே ருசி வரவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "சமர்கண்டின் காற்று இங்கே இல்லையே" என்றாராம் ரொட்டிக்காரர்.

ரொட்டிக்கு மரியாதை உண்டு. கவிழ்த்து வைக்கக் கூடாது, கத்தியால் அறுக்காமல் கையால் பிய்க்க வேண்டும், துண்டு கீழே விழுந்தால் எடுத்து ஓரமாக உயரத்தில் வைப்பார்கள். பிள்ளை ராணுவத்துக்கோ தொலைதூரத்துக்கோ கிளம்பும்போது ஒரு நோனை ஒரு கடி கடிக்க வைத்து, மீதியை வீட்டில் மாட்டி வைத்து, அவன் திரும்பி வந்து சாப்பிடும்வரை காத்திருக்கும் வழக்கம் இங்கே இருக்கிறது. இது தெரிந்த பிறகு, உணவகத்தில் ரொட்டியைப் பாதி தின்று மீதியைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. மிஞ்சினால் கேளுங்கள், கட்டிக் கொடுப்பார்கள்.

பஜாருக்குள் ருசி பார்க்கக் கொடுப்பார்கள். வாங்கியே தீர வேண்டும் என்று இல்லை. அல்வா, உலர் பாதாமி (ஆப்ரிகாட்), திராட்சை, கல்கண்டு போன்ற நவ்வோத், சாம்பலில் வறுத்து உப்புப் போட்ட பாதாமிக் கொட்டை. இந்தக் கொட்டைகளைப் பை நிறைய வாங்கிக்கொள்ளுங்கள், ஓடு வெடித்திருக்கும், நகத்தால் பிரித்தாலே பருப்பு வந்துவிடும். குர்த் என்று வெள்ளை உருண்டைகள் விற்கும். தயிரை வடித்து உப்புப் போட்டுக் காயவைத்தது. முதலில் ஒன்று மட்டும் வாங்கி வாயில் போட்டுப் பாருங்கள், உப்பு தூக்கலாக இருக்கும். ஜூலை முதல் அக்டோபர் வரை போனால் முலாம்பழக் குவியலைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்ப முடியாது. மூன்று முறை சமர்கண்டைப் பிடித்து மூன்று முறையும் இழந்த பாபர், இந்த ஊரின் ஆப்பிளையும் சாஹிபி திராட்சையையும் தன் நினைவுக் குறிப்புகளில் புகழ்ந்து எழுதியிருக்கிறார்.

சோம்சாவுக்கும் காலைதான் நேரம். அடுப்பிலிருந்து எடுத்த கையோடு தின்ன வேண்டும். நம் சமோசாவை எண்ணெயில் பொரிக்கிறோம். இவர்கள் ரொட்டி போலவே தந்தூர் சுவரில் ஒட்டிச் சுடுகிறார்கள். உள்ளே பொடியாக நறுக்கிய இறைச்சி, அதே அளவு வெங்காயம், வால் கொழுப்பு. கடித்ததும் சூடான சாறு முழங்கை வரை வழியும். முதலில் ஒரு மூலையைக் கிள்ளி ஆவியை வெளியே விடுங்கள்.

நண்பகல்: ஓஷ்

இதற்காகத்தான் வந்திருக்கிறோம், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வெளிநாட்டவர் ப்லோவ் என்கிறார்கள், ஏட்டில் பலோவ், ஊர்க்காரர்கள் வாயில் ஓஷ். உஸ்பெகிஸ்தானின் பலோவ் பண்பாட்டை யுனெஸ்கோ 2016-ல் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஓஷ் கடைகள் காலையிலேயே அடுப்பு மூட்டிவிடும். பதினொன்று வாக்கில் கொப்பரை திறக்கும். ஒன்றரை, இரண்டு மணிக்குள் நல்ல கடையில் தீர்ந்துவிடும். எனவே பன்னிரண்டு மணிக்கு மேசையில் இருங்கள். தாஷ்கெண்டிலிருந்து அஃப்ரோசியோப் அதிவேக ரயிலில் வருகிறவர்கள் காலை வண்டியைப் பிடித்தால், இரண்டு மணி நேரச் சொச்சப் பயணம் முடிந்து, பெட்டியை விடுதியில் போட்டுவிட்டு நேராக ஓஷ் கடைக்குப் போகலாம். மதரஸா சாயங்காலம் வரை அங்கேயே இருக்கும், ஓஷ் இருக்காது. இரவில் ரெஜிஸ்தான் பக்கத்து உணவகங்களில் ஓஷ் கிடைக்கும்தான். மதியம் செய்ததைச் சூடாக்கியதாக இருக்க வாய்ப்பு அதிகம். வேண்டாம் என்பேன்.

எந்தக் கடை என்று கேட்டால் விடுதிக்காரரையோ டாக்ஸி ஓட்டுநரையோ, "நீங்கள் எங்கே ஓஷ் சாப்பிடுவீர்கள்?" என்று கேளுங்கள். சுற்றுலாப் பயணிகளுக்கு எது நல்லது என்று கேட்டால் வேறு பதில் வரும்.

மற்ற ஊர்களில் ஓஷைக் கிளறிப் பரிமாறுவார்கள். சமர்கண்டில் கிளறவே மாட்டார்கள். கொப்பரையில் எண்ணெய், இறைச்சி, வெங்காயம், அதற்கு மேல் தடிமனாக நறுக்கிய மஞ்சள் கேரட், எல்லாவற்றுக்கும் மேலே அரிசி. அரிசி கீழே இருக்கும் சாற்றின் ஆவியில் வெந்து உதிரி உதிரியாக நிற்கும். பழைய முறைப்படி சமைப்பவர்கள் ஆளிவிதை எண்ணெய் சேர்ப்பார்கள். மண் வாசனை போல ஒரு வாசம் அதற்கு.

கொப்பரைக்குப் பக்கத்தில் நின்று பார்க்க அனுமதி கேளுங்கள், மறுக்க மாட்டார்கள். ஓஷ்பஸ், அதாவது சமையல்காரர், துளை போட்ட அகப்பையால் முதலில் வெள்ளை அரிசியைத் தட்டில் குவிக்கிறார். அதன் மேல் அடியிலிருந்து கேரட்டை அள்ளி வைக்கிறார். கேரட் தேன் நிறத்துக்கு மாறி, பிடித்தால் நசுங்குகிற பதத்தில் இருக்கிறது. கொண்டைக்கடலையும் உலர்திராட்சையும் இடையிடையே. கடைசியில் முழுசாக வெந்த இறைச்சித் துண்டைப் பலகையில் வைத்து, பெரிய கத்தியால் டக் டக்கென்று நறுக்கி, உச்சியில் ஒரு பிடி வைக்கிறார். கொப்பரையில் அடியிலிருந்தது தட்டில் மேலே வந்துவிட்டது.

மசாலா தேடாதீர்கள். சீரகம் இருக்கலாம், அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை. பிரியாணியை நினைத்துக்கொண்டு முதல் வாய் வைத்தால் ஏமாற்றமாகத் தோன்றும். நாலாவது வாயில் கேரட்டின் இனிப்பும் கொழுப்பும் அரிசியும் ஒன்று சேரும், அதுவரை பொறுங்கள். கூடவே அச்சிச்சுக் என்ற தக்காளி வெங்காய சாலட் கட்டாயம் கேளுங்கள். காகிதம் போல மெல்லியதாக நறுக்கியிருப்பார்கள், பச்சை மிளகாயும் இருக்கும். கொழுப்பை வெட்ட இதைவிட நல்ல துணை கிடையாது. காஸி என்று வட்டமாக நறுக்கிய கருஞ்சிவப்புத் துண்டுகள் மேலே வந்தால் அது குதிரை இறைச்சி. வேண்டாம் என்றால் "காஸி யோக்" என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

முதல் நாள் "யாரிம்", அதாவது பாதி அளவு வாங்குங்கள். நமக்குப் பழக்கமில்லாத அளவுக்குக் கொழுப்பு இருக்கும். சாப்பிட்ட உடனே குளிர்பானம் குடித்தால் ஊர்ப் பெரியவர்கள் பதறுவார்கள். கொழுப்பு உள்ளே உறைந்துவிடும் என்பது அவர்கள் எண்ணம். சூடான பச்சைத் தேநீர்தான் முறை.

பிற்பகல்: சோய்கோனா

வெயில் காலத்தில் இங்கே 40 டிகிரி வரை போகும். அந்த நேரத்தில் மரத்தடி சோய்கோனாவில், அதாவது தேநீர்க் கடையில், தாப்சான் என்ற கட்டில் போன்ற மேடையில், செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணமிட்டு உட்காருவதைப் போல சுகம் வேறில்லை. நமக்குச் சம்மணம் இயல்பு என்பதால் ஐரோப்பியப் பயணிகளைவிட நாம் வசதியாக உட்காருவோம். வாசலுக்கு எதிர்ப்பக்கம், தூரமாக இருக்கும் இடம் மூத்தவர்களுக்கும் விருந்தாளிக்கும் உரியது. அவர்களாக அங்கே உட்காரச் சொன்னால் மறுக்காதீர்கள்.

"பித்தா கோக் சோய்" என்றால் ஒரு பச்சைத் தேநீர். ஒரு கெட்டிலும் பியோலா என்ற கைப்பிடியில்லாத கிண்ணமும் வரும். உடனே குடிக்காதீர்கள். பியோலாவில் ஊற்றி, அதை மறுபடி கெட்டிலுக்குள் கொட்டி, இப்படி மூன்று தரம். "கய்தர்" என்று இதற்குப் பெயர். இலை நன்றாக இறங்கும், நிறம் சமமாகும். பிறகு ஊற்றும்போது பியோலாவில் பாதிக்கும் குறைவாகவே ஊற்றுவார்கள். கஞ்சத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள், அதுதான் மரியாதை. அடிக்கடி ஊற்றிக் கவனிக்கிறேன், தேநீர் ஆறாமல் குடியுங்கள் என்று பொருள். விளிம்பு வரை நிறைத்துக் கொடுத்தால்தான் "போதும், கிளம்பலாம்" என்ற குறிப்பு. நம் வீட்டில் தளும்பத் தளும்ப ஊற்றுவது உபசாரம், இங்கே தலைகீழ். வலது கையால் வாங்கி, இடது கையை நெஞ்சில் வைத்து "ரஹ்மத்" சொல்லுங்கள்.

யாராவது தங்கள் மேடைக்கு அழைத்துச் சாப்பாட்டைப் பகிர்ந்தால், முடிவில் எல்லோரும் கைகளை ஏந்தி ஒரு கணம் நின்று முகத்தில் தடவிக்கொள்வார்கள். அப்போது அமைதியாக இருங்கள். அதற்குப் பிறகு தட்டில் கை வைக்கும் வழக்கம் இல்லை.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இது கறிச்சாப்பாட்டு ஊர். ஓஷில் இறைச்சியை ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டாலும் அது சைவம் ஆகாது. அரிசி வெந்ததே அந்தச் சாற்றில். உருளைக்கிழங்கு வறுவல்கூட சில இடங்களில் தும்பா என்ற ஆட்டு வால் கொழுப்பில் வரும். மோஷ்கிச்சிரி என்று பட்டியலில் பார்த்துப் பாசிப்பயறு அரிசிப் பொங்கல் என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள், அதிலும் வழக்கமாக இறைச்சி சேர்ப்பார்கள். பத்தீர் வகை ரொட்டியில் கொழுப்பு பிசைந்திருக்கும், சாதா நோன் கேளுங்கள்.

"கோஷ்த்ஸிஸ் ஓவ்கத் போர்மி?" இறைச்சி இல்லாத சாப்பாடு இருக்கிறதா என்று பொருள். தாஜிக் பேசுகிறவரிடம் "பே கோஷ்த்", வயதானவர்களிடம் ரஷ்ய மொழியில் "பெஸ் மியாஸா". இந்த மூன்றையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கோழியை இறைச்சிக் கணக்கில் சேர்க்காதவர்களும் உண்டு, எனவே "தோவுக் யோக்" என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கிடைப்பது என்ன? பரங்கிக்காய் வைத்த சோம்சா, பரங்கிக்காய் மந்தி என்ற ஆவியில் வெந்த கொழுக்கட்டை. இரண்டிலும் கொழுப்பு உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வசந்த காலத்தில் போனால் கீரை வைத்த கோக் சோம்சா. சுஸ்மா என்ற கெட்டித் தயிர், கத்திக் என்ற சாதாத் தயிர், நோன், தக்காளி, வெள்ளரி, பழம். இதை வைத்தே ஒரு வேளையைச் செழிப்பாக ஓட்டிவிடலாம்.

இன்னொரு நல்ல துணை பஜாரில் கொரிய சாலட் விற்கும் பெண்கள். 1937-ல் ஸ்டாலின் அரசு சோவியத் தூரக்கிழக்கிலிருந்த கொரியர்களை ஒட்டுமொத்தமாகப் பெயர்த்து மத்திய ஆசியாவுக்கு ரயிலேற்றியது. வந்த இடத்தில் அவர்களுக்கு கிம்சி என்ற முட்டைக்கோஸ் ஊறுகாயின் இடத்தைப் பிடித்தது கேரட்தான். மெல்லிய நூலாகச் சீவிய கேரட்டில் பூண்டு, கொத்தமல்லி விதை, மிளகாய், வினிகர், சூடான எண்ணெய். நாலு நாள் காரமே படாத நாக்குக்கு அந்தத் தனியா வாசனை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு நோனும் கால் கிலோ கேரட் சாலட்டும் வாங்கிப் பூங்காவில் உட்கார்ந்து சாப்பிட்ட வேளைகளை நான் குறைவாக நினைக்கவே மாட்டேன்.

சமர்கண்ட் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் இந்திய மாணவர்கள் நிறையப் படிக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. அதனால் ஊரில் இந்திய உணவகங்கள் இருக்கின்றன. குழந்தைகளோடு போகிறவர்கள், முற்றிலும் சைவம் உண்பவர்கள் ஒன்றிரண்டை முன்பே பார்த்து வைத்துக்கொண்டால் நிம்மதி.

இரவு: கரி அடுப்பு

இருட்டியதும் ஷஷ்லிக், அதாவது குச்சியில் கோத்துக் கரியில் சுட்ட இறைச்சி. விலை ஒரு குச்சிக்கு. துண்டு இறைச்சி, கொத்திய இறைச்சியில் பிடித்த கியிமா, ஈரலுக்கு ஜிகர். மேலே பச்சை வெங்காயம் தூவி வரும். இரண்டு குச்சியும் ஒரு நோனும் போதும். கையால் இழுத்த நூடுல்ஸில் செய்யும் லக்மான், சோர்வோ என்ற இறைச்சி ரசம் இரண்டும் மழைக்கும் குளிருக்கும் ஏற்றவை.

பெரிய உணவகங்களில் இரவு எட்டுக்கு மேல் பாட்டும் ஆட்டமுமாகச் சத்தம் காதைப் பிளக்கும். பிறந்தநாள் கூட்டம் உங்களையும் ஆட இழுக்கும், போய் ஆடுங்கள். அமைதியாகச் சாப்பிட வேண்டுமென்றால் முற்றத்து மேசை கேளுங்கள், அல்லது ரஷ்யர் காலத்துக் கட்டடங்கள் நிற்கும் பல்கலைக்கழகப் பூங்காச் சாலைப் பக்கம் போய்விடுங்கள். பல ஓஷ் கடைகளில் மது கிடையாது, இரவு உணவகங்களில் உண்டு.

பணியாளர் ஒரு தட்டு நிறைய சாலட் கிண்ணங்களை ஏந்தி வந்து காட்டுவார். எடுத்த கிண்ணத்துக்குக் காசு, வேண்டாததை எடுக்காதீர்கள். "ஹிஸோப்" என்றால் கணக்கு வரும். அதில் சேவைக் கட்டணம் 10 முதல் 20 சதவீதம் வரை ஏற்கெனவே சேர்ந்திருக்கும், அதற்கு மேல் இனாம் கட்டாயமில்லை. ஒரு முறை மூன்று பேருக்கு நாலு ஓஷ் என்று கணக்கு வந்தது. விரலால் எண்ணிக் காட்டியதும் அடித்துத் திருத்திக் கொடுத்தார்கள். வரி வரியாகப் பாருங்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

கூடுதலாக ஒரு நாள் இருந்தால்

ஊருக்கு வெளியே கோனிகில் கிராமம். முசுக்கட்டை மரப்பட்டையில் கையால் காகிதம் செய்யும் பட்டறை இருக்கிறது, சியோப் ஓடைக்கரையில் மதிய உணவுக்கும் இடங்கள் உண்டு. 1404 இலையுதிர் காலத்தில் தைமூர் தன் பேரன்களின் திருமணத்துக்குக் கூடாரங்கள் அடித்துப் பெருவிருந்து வைத்த புல்வெளி இதுதான். ஸ்பெயின் தூதர் கிளாவிஹோ அந்தக் கூட்டத்தில் இருந்தார். குதிரை இறைச்சியும் முலாம்பழமும் பரிமாறப்பட்டதை எழுதி வைத்திருக்கிறார்.

ஷஹ்ரிசப்ஸ் போகிறவர்கள் தஹ்தகராச்சா கணவாயில் வண்டியை நிறுத்தச் சொல்லி, தந்தூருக்குள் தொங்கவிட்டு வேகவைத்த தந்திர் கபாப் சாப்பிடலாம். மலைக்காற்றில் கூட்டமாக உட்கார்ந்து சாப்பிட வேண்டிய உணவு. தனியாகப் போனால் அளவு அதிகம்.

கிளம்பும் நாள்

ரயிலுக்கு முன் ஒரு நடை சியோப் பஜாருக்குப் போய் இரண்டு நோன் வாங்குங்கள். அடியில் தட்டிப் பாருங்கள், நன்றாக வெந்திருந்தால் கட்டை தட்டுவது போலச் சத்தம் வரும். பிளாஸ்டிக் பையில் அடைத்தால் வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். ஒரு பருத்தித் துணியில் சுற்றி, முத்திரைப் பக்கம் மேலே இருக்கும்படி பையில் வையுங்கள். வீடு வந்து சேர்வதற்குள் இறுகியிருக்கும். இரண்டு பக்கமும் லேசாகத் தண்ணீர் தெளித்து, தோசைக்கல்லில் சின்னத் தீயில் மூடி வைத்தால் ஐந்து நிமிடத்தில் மறுபடி பிய்க்க வரும்.